இடர்களுக்கு ஓர் ஏடு

ஹௌரா ஸ்டேஷனில் வந்து இறங்கும் நம்மவர்க்கு ஒரு காலத்தில் இரண்டு கவலைகள் இருந்தன. மூட்டை முடிச்சுகளைக் காப்பது ஒன்று. பாலத்து நெரிசலைக் கடந்து வீடு போய்ச் சேர்வது மற்றொன்று. முதற் கவலை இன்றும் இருக்கிறது. இரண்டாவது பெரிதும் குறைந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு அடியிலேயே, 30 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், மெட்ரோ நிலையம் ஒன்று அமைந்திருக்கிறது. அங்கே வண்டி ஏறினால் ஹூக்ளி நதியின் அடியில் 520 மீட்டர் தூரத்தை முக்கால் நிமிஷத்தில் கடந்து கல்கத்தாக் கரைக்குப் போய்விடலாம். நதிக்கு அடியில் போகிறோம் என்பதைப் பிரயாணிகள் அறியும் பொருட்டுச் சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் எரிகின்றன.

விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தியை அந்த வண்டியில் அழைத்துச் சென்றேன். நீல விளக்குகளைக் கண்டதும் எல்லாக் குழந்தைகளும் கை தட்டினர். இவள் மட்டும் தட்டவில்லை. “தாத்தா, மேலே இருக்கும் தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது?” என்று கேட்டாள். நான் விடை தேடுவதற்குள் வண்டி அக்கரை சேர்ந்துவிட்டது. எங்களுடன் வந்திருந்த என் தங்கையின் மகன், வேறொரு நகரத்தில் சுரங்க ரயில் வேலையில் இருக்கும் இஞ்சினீயர், சிரித்தான். “மாமா, குழந்தை கேட்ட கேள்வியை, ஒரு கூடை மண் எடுப்பதற்கு முன்பே யாரோ ஒருவர் கேட்டிருப்பார். கேட்டு, ஓர் ஏட்டில் எழுதி, அதன் பக்கத்தில் ஒரு மனிதருடைய பெயரையும் எழுதியிருப்பார். அப்படி எழுதாமல் இந்தக் காலத்தில் எவரும் சுரங்கம் தோண்டுவதில்லை” என்றான்.

அந்த ஏட்டின் பெயர் ‘ரிஸ்க் ரிஜிஸ்டர்’. இடர்ப் பதிவேடு என்று நாம் வழங்கலாம். நம்மவரில் கணக்கு எழுதாத குடும்பம் அரிது. பிழைப்பைத் தேடி வெளியூர் வந்தவர்களாதலால் பால் கணக்கு முதல் ஊருக்கு அனுப்பிய பணம் வரை எழுதி வைப்போம். ஆனால் அவையெல்லாம் நடந்ததை எழுதும் கணக்குகள். இதுவோ இன்னும் நடக்காததை, நடக்கக் கூடாததை எழுதும் கணக்கு. ஆகவேதான் நம்மவர்க்கு இதில் ஒரு கூச்சம் உண்டு. வீட்டுக்கு மனை முகூர்த்தம் செய்யும் நாளில், “மேஸ்திரி பாதியில் ஓடிவிட்டால்?” என்று ஒருவர் கேட்டுப் பார்க்கட்டும். “அச்சானியமாகப் பேசாதே” என்று நான்கு திசையிலிருந்தும் குரல் எழும். கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். மேஸ்திரி ஓடிய பிறகு, “நான் அன்றே நினைத்தேன்” என்று சொல்லாதவர் எவரும் இரார். எல்லோரும் நினைத்திருந்தும் ஒருவரும் எழுதவில்லை என்பதுதான் அங்கே நிகழ்ந்த பிழை.

ஏட்டின் அமைப்பு எளிது. ஒவ்வோர் இடருக்கும் ஒரு வரி. அந்த வரியை எழுதும் முறையில்தான் பாதித் திறமை இருக்கிறது. ‘மழை’ என்று ஒரு சொல்லை எழுதி வைப்பதில் பயன் இல்லை. மழை வானத்தின் செயல்; அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ‘தளம் போடும் வேலை ஐப்பசிக்குத் தள்ளிப் போவதால், மழையில் கான்கிரீட் கெட்டு, தளத்தை மீண்டும் போட நேரலாம்’ என்று எழுதினால் காரணம், நிகழ்ச்சி, விளைவு மூன்றும் வந்துவிடுகின்றன. காரணம் தெரிந்தால் கை வைக்கும் இடமும் தெரிகிறது. அடுத்து, அது நிகழும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை ஓர் எண். நிகழ்ந்தால் விளையும் கேட்டுக்கு 1 முதல் 5 வரை ஓர் எண். இரண்டையும் பெருக்கி, தொகை பெரிதாக உள்ளதை முதலில் கவனிப்பார்கள்.

இந்தப் பெருக்கல் கணக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். நாள்தோறும் குடையை மறந்து வைப்பவனுக்கு வாய்ப்பு 5, கேடு 1, தொகை 5. ஆயுளில் ஒருமுறை வீடு இடிந்து விழுவதற்கு வாய்ப்பு 1, கேடு 5; தொகை அதே 5. ஏடு இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. வீட்டில் குடியிருப்பவர் அப்படி வைக்கமாட்டார். எண்கள் வரிசைப்படுத்த உதவும். அவற்றை அளவுகோல் என்று நம்பிவிடக் கூடாது. தொகை சிறியது என்பதற்காகக் கேடு 5 என்றுள்ள வரியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளும் வழக்கம் பெரிய திட்டங்களிலும் உண்டென்று என் மருமகப்பிள்ளையே ஒப்புக்கொண்டான்.

இடரை என்ன செய்வது என்பதற்கு நான்கு வழிகள் கூறுவர். ஐப்பசியில் நிச்சயித்த கல்யாணத்தைத் தைக்கு மாற்றினால் அது விலக்குதல். பந்தலுக்குத் தகரக் கூரை போட்டால் குறைத்தல். பந்தல்காரரே நஷ்டத்தை ஏற்பதென்று எழுதி வாங்கிக்கொண்டாலோ, இன்ஷ்யூரன்ஸ் எடுத்தாலோ பிறர்மேல் மாற்றுதல். நனைந்தால் நனைவோம் என்று துணிந்தால் ஏற்றுக்கொள்ளுதல். மூன்றாவது வழி வியாபாரிகளுக்கு மிகவும் பிடித்தமானது. அதில் பணநஷ்டம் மட்டுமே இடம் மாறுகிறது. மாலையில் நனையப்போவது மணப்பெண்தான்.

எல்லாவற்றுக்கும் பிறகு வருவது பெயர்ப் பத்தி. இந்த வரிக்குப் பொறுப்பாளர் யார்? ‘கமிட்டி’ என்று எழுதக்கூடாது. ‘அனைவரும்’ என்று எழுதவே கூடாது. ஒரே ஒரு மனிதரின் பெயர் வேண்டும். எந்த அறிகுறி தென்பட்டால் அவர் எழுந்து நிற்கவேண்டும், அடுத்து எந்தத் தேதியில் இந்த வரியைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்பனவும் எழுதப்படும்.

சுரங்க வேலைக்கு இந்த ஏடு கட்டாயமான கதை சுவையானது. 1994ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், ரயில் பாதைக்காகத் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கங்கள் இடிந்து விழுந்தன. தெய்வாதீனமாக ஒருவருக்கும் காயம் இல்லை. ஆனால் நஷ்டம் பெரிது; வழக்கு நடந்து 1999இல் கம்பெனிகளுக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் உலகின் வேறு பல இடங்களிலும் சுரங்கங்கள் இடிந்து, இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் பெரும் பணம் கொடுக்க நேர்ந்தது. இனிச் சுரங்கங்களுக்குப் பொறுப்பே ஏற்பதில்லை என்னும் நிலைக்கு அவை வந்துவிட்டன. பிறகு பிரிட்டனின் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளின் சங்கமும் சுரங்க இஞ்சினீயர்களின் சங்கமும் கூடிப் பேசி, 2003ஆம் ஆண்டில் ஒரு நடைமுறை விதித்தொகுப்பை வெளியிட்டன. 2006இல் அது உலகப் பொதுவாக விரிவாக்கப்பட்டது. திட்டம் தீட்டும் நாளிலிருந்து வேலை முடியும் நாள் வரை இடர்ப் பதிவேடு இருக்கவேண்டும், அது உயிருள்ள ஏடாக அவ்வப்போது திருத்தப்படவேண்டும் என்பவை அதன் முக்கியமான விதிகள். இஞ்சினீயர்களின் அறிவு செய்யாததைப் பணம் கொடுப்பவர்களின் பயம் செய்தது என்று சொன்னால் என் மருமகப்பிள்ளை கோபித்துக்கொள்வான். ஆயினும் உண்மை அதுதான்.

இனி நம் கல்கத்தாவுக்கு வருவோம். சால்ட் லேக்கிலிருந்து ஹௌரா மைதானம் வரை 16 கிலோமீட்டர் தூரத்துக்குச் சற்று மேற்பட்ட கிழக்கு மேற்கு மெட்ரோவுக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். அன்று முதல் இந்த ஊரில் எல்லோர் வாயிலும் இருந்த கேள்வி ஒன்றே: ஆறு என்ன செய்யும்? செய்த காரியங்களைப் பார்த்தாலே எத்தகைய வரிகள் எழுதப்பட்டிருக்கும் என்பது விளங்கும். முன்பக்கத்து மண்ணின் அழுத்தத்துக்கு ஈடான அழுத்தத்தைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டே முன்னேறும் வகை இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றுக்கு ‘ரசனா’ என்றும் ‘பிரேரணா’ என்றும் பெயர். இயந்திரம் துளைத்துக்கொண்டு போகப் போக, பின்னாலேயே கான்கிரீட் துண்டுகளை வளையமாகச் சேர்த்து, அவற்றின் இணைப்புகளில் நீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் பட்டைகளை வைத்தார்கள். நதியின் நடுவில் இயந்திரம் நின்றுவிடக்கூடாது என்பதற்காக இரவு பகலாக வேலை நடந்தது. 2017ஆம் ஆண்டில் இரண்டு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அக்கரை சேர்ந்தன. எல்லோரும் அஞ்சிய ஆறு ஒன்றும் செய்யவில்லை.

அக்கரையில் பிரபோர்ன் ரோடுப் பகுதியிலும் அதே கவனம் இருந்தது. அங்கே தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ள கரன்ஸி கட்டடமும், யூதர்களின் பழைய ஜெப ஆலயங்கள் இரண்டும் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் வேலை செய்வதைத் தடுக்கும் சட்டம் உண்டாதலால், அதற்குரிய இசைவைப் பெறும் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. மண்ணில் பிறக்கும் இடர்களைப் போலவே காகிதத்தில் பிறக்கும் இடர்களும் ஏட்டில் இடம்பெற வேண்டியவை. இயந்திரம் அடியிற் செல்லும் நாட்களில் சில பழைய கட்டடங்களில் இருந்தவர்களை வெளியே தங்கவைத்து, அது கடந்த பிறகு திரும்ப அழைத்துவந்தார்கள்.

பிறகு வந்தது பௌபஜார்.

பௌபஜாரை அறியாத கல்கத்தாத் தமிழ்க் குடும்பம் இராது. பெண்ணுக்கு நகை செய்யக் கொடுக்க அங்கே போயிருப்போம். பிபின் பிஹாரி கங்கூலித் தெருவில் வரிசையாக நகைக் கடைகள். பின்னால் உள்ள சந்துகளில் பட்டறைகள். பட்டறைகளின் மேலும் பக்கத்திலும் பழைய வீடுகள். தொடக்கத்தில் வகுத்த பாதை வேறு. எஸ்பிளனேடு வழியாகப் போகும்படி பின்னர் அதை மாற்றி அமைத்தார்கள். அந்த மாற்றத்தால்தான் சுரங்கம் இந்தச் சந்துகளின் அடியில் வந்தது. ஒரு திட்டத்தில் பாதை மாறினால் ஏட்டின் முதல் வரியிலிருந்து மறுபடி எழுதவேண்டும் என்பது என் மருமகப்பிள்ளையின் பாடம். பழைய வரிகள் பழைய பாதையின் மண்ணைப் பற்றியவையல்லவா?

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி, ‘சண்டி’ என்னும் பெயர் கொண்ட இயந்திரம் நீர் நிறைந்த மணற்படுகை ஒன்றைத் தொட்டுவிட்டது. கல்கத்தா நகரம் கங்கை கொணர்ந்து சேர்த்த வண்டலின்மேல் அமைந்தது. சிறிது தோண்டினாலே நீர் சுரக்கும். நீரும் சேறும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. கீழே போன மண்ணுக்கு ஈடாக மேலே இருந்த மண் இறங்கியது. துர்கா பிதுரி லேன், ஸ்யாக்ராபாடா லேன் ஆகிய சந்துகளில் வீடுகள் பிளந்தன, சாய்ந்தன, சில விழுந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் உடுத்த துணியோடு வெளியேறி ஹோட்டல்களில் தங்க நேர்ந்தது. முன்கூட்டியே வெளியேற்றியதால் உயிர்கள் தப்பின. நீரை நிறுத்துவதற்குச் செய்த வழி வியப்பானது. சுரங்கத்தில் தடுப்புச் சுவர் எழுப்பி, அதற்குள் தாமாகவே நீரை நிரப்பி, உள்ளழுத்தத்தை வெளியழுத்தத்துக்குச் சமமாக்கினார்கள்.

வேலை நின்றது. விஷயம் கல்கத்தா ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களின் கருத்தும் பெறப்பட்ட பின், 2020 பிப்ரவரியில் மற்றோர் இயந்திரமான ‘ஊர்வி’க்கு மட்டும் அனுமதி கிடைத்தது. ஊர்வி தன் சுரங்கத்தைச் சியால்டா வரை முடித்து, பின்பு திரும்பி வந்து, சண்டி விட்டுச் சென்ற பகுதியையும் 2021இல் துளைத்து முடித்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

என் கருத்தில் இந்த வரலாற்றிலே மிகவும் எண்ணிப் பார்க்கத் தக்க பகுதி இதன் பிறகுதான் வருகிறது. துளைக்கும் வேலை முடிந்துவிட்டது. ஆனால் இயந்திரங்களை வெளியே எடுப்பதற்குத் தோண்டிய பெருங்குழி இருந்தது. இரண்டு சுரங்கங்களையும் இணைக்கும் குறுக்கு வழிகள் பாக்கி இருந்தன. 2022 மே மாதம், குழியின் அடித்தளத்தில் வேலை நடக்கும்போது நீர் கசிந்து, துர்கா பிதுரி லேனில் மீண்டும் வீடுகள் விரிசல் கண்டன. அதே ஆண்டு அக்டோபரில், குறுக்கு வழி வேலையின்போது மதன் தத்தா லேனில் விரிசல்கள் தோன்றின. மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளியேறியவர்களுள் சிலர் மறுபடியும் மூட்டை கட்டினர். மண்ணும் அதே மண். நீரும் அதே நீர். பெரிய வேலை முடிந்ததும் பெரிய இடரும் முடிந்தது என்று மனிதமனம் எண்ணிக்கொள்கிறது. ஆற்றுக்கு அஞ்சியவன் ஆற்றைக் காவல் காக்கிறான். கரை ஏறிய பிறகு சந்தில் நடக்கும்போது யார் காவல் காக்கிறார்கள்? ஏட்டிலே ஒரு வரியை ‘முடிந்தது’ என்று கோடிட்டு அடிக்கும் கை, அதை எழுதிய கையைவிட அதிகமாக நடுங்கவேண்டும்.

நதிக்கு அடியிற் செல்லும் பகுதி 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. சியால்டாவுக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையிலுள்ள பகுதி, அதாவது பௌபஜாரின் அடியிற் செல்லும் பகுதி, 2025 ஆகஸ்டில்தான் முடிந்தது. ஆற்றைக் கடந்து 8 ஆண்டுகள் ஆன பிறகு ஒரு சந்தைக் கடந்தார்கள்.

ஒருநாள் நான் அந்தச் சந்து வழியே நடந்து போனேன். போனபோது எனக்குத் தோன்றிய ஐயத்தை வீட்டுக்கு வந்து என் மருமகப்பிள்ளையிடம் கேட்டேன். “உங்கள் ஏட்டில் பொறுப்பாளருக்கு ஒரு பத்தி இருக்கிறது. அந்த இடர் நிகழ்ந்தால் நோகப்போகிறவருக்கு ஒரு பத்தி உண்டா?” அவன் சற்று யோசித்தான். “கேட்டின் அளவு எழுதுகிறோமே, மாமா, அதில் பொதுமக்களும் அடங்குவார்கள்” என்றான். பொதுமக்கள் என்பது பெயரல்லவே. பொறுப்பாளர் என்று பெயர் எழுதப்பட்ட இஞ்சினீயருக்கு மாற்றல் வரலாம்; வேறு வேலை கிடைக்கலாம். வீட்டுக்கு உடையவருக்கும், அங்கே வாடகைக்குப் பட்டறை வைத்திருந்த பொற்கொல்லருக்கும் மாற்றல் கிடையாது. அவர்கள் அந்த ஏட்டைக் கண்ணால் பார்த்தவர்களும் அல்லர். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தார்கள். ஆனால் பட்டறை இழந்தவனுக்குப் போனது பணம் மட்டுமா? வாடிக்கையாளர் ஒப்படைத்த தங்கம், கொடுத்த தவணை, தெருவில் இத்தனை ஆண்டுகளாக இருந்த பெயர் எல்லாம் அந்தச் சந்தோடு சேர்ந்தவை. இவற்றை 1 முதல் 5 வரை எந்த எண்ணால் எழுதுவது?

இதைப் பிறரைக் குறை கூறுவதற்காக நான் எழுதவில்லை. அதே பிழையைச் செய்தவன் நானே.

மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்று என் பிறந்த ஊர். அங்கே பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துப் புது வீடு கட்டுவதென்று 2017 தை மாதத்தில் தொடங்கினோம். 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் உட்கார்ந்துகொண்டு வீடு கட்டுவது எத்தகைய துன்பம் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அண்ணன் மேற்பார்வை, கொத்தனார் உள்ளூர், பணம் இங்கிருந்து. மருமகப்பிள்ளை சொல்லிக்கொடுத்தபடி நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி 14 வரிகள் எழுதினேன். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பது, அண்ணனின் சர்க்கரை நோய், மணல் விலை, மேஸ்திரி இரண்டு இடத்தில் வேலை ஒப்புக்கொள்வது, இவையெல்லாம் அதில் இருந்தன. மிகப் பெரிய எண்ணைப் புயலுக்குக் கொடுத்தேன். கடற்கரை அதிக தூரமில்லை. ஆகவே தளத்துக்கும் தூண்களுக்கும் தாராளமாகக் கம்பி போடச் சொன்னேன். மாடியில் தகரக் கொட்டகை வேண்டும் என்று எல்லோரும் சொன்னபோதும் இணங்கவில்லை.

2018 ஆவணியில் கிருகப்பிரவேசம். நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்தது. டெல்டாவின் தென்னந்தோப்புகள் நாசமான கதையை நாடு அறியும். எங்கள் தோப்பிலும் பாதிக்கு மேல் சாய்ந்தது. வீட்டுக்கு ஓர் ஓரமும் உதிரவில்லை. நோட்டை எடுத்துப் புயல் வரிக்கு நேரே மகிழ்ச்சியோடு ஒரு கோடிட்டேன். அத்துடன் நோட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். வீடு முடிந்தது, புயலும் முடிந்தது, வேறென்ன?

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் ஈசானிய மூலையில் ஜன்னலின் கீழ் விரிசல் விழுந்தது. தை பிறப்பதற்குள் ஒரு விரல் நுழையும் அளவு ஆயிற்று. அது என் தாயார் படுக்கும் அறை. நான் ஓடினேன். ஊர்க் கொத்தனார் ஒரு காரணம் சொன்னார். திருவாரூரிலிருந்து வந்த இஞ்சினீயர் வேறு காரணம் சொன்னார். அம்மா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். “அந்த மூலையில்தானே உன் பாட்டனார் காலத்தில் கிளை வாய்க்கால் ஓடியது! நான் கல்யாணமாகி வந்த வருஷம் அதைத் தூர்த்து மேடாக்கினார்கள்” என்றார், மிகச் சாதாரணமாக.

“அஸ்திவாரம் தோண்டும்போதே சொல்லியிருக்கக் கூடாதா அம்மா?”

“என்னை யாரடா கேட்டீர்கள்? நீயும் உன் அண்ணனும் போனிலே பேசிக்கொண்டே இருந்தீர்கள். காப்பி கேட்டீர்கள், கொடுத்தேன்.”

நான் எழுதிய 14 வரிகளிலும் அம்மா பெயர் இல்லை. இடிந்தால் அவர் தலைமேல்தான் இடியும். மண்ணின் சரித்திரம் தெரிந்தவரும் அவர் ஒருவரே. நோகப்போகிறவரைக் கேட்பது தர்மம் என்பதற்காக மட்டும் அன்று; அவருக்குத் தெரிந்தது வேறு எவருக்கும் தெரியாது என்பதற்காகவும் கேட்கவேண்டும். நாற்பது ஆண்டுகள் ஒரு தரையிலே பெருக்கிக் கோலம் போட்டவர்க்குத் தெரியாத பள்ளமா நமக்குத் தெரிந்துவிடும்?

அஸ்திவாரத்துக்கு அடியில் சிறிது சிறிதாகத் தோண்டி, கெட்டி மண் வரும் வரை போய்க் கான்கிரீட் இட்டுத் தாங்கு கொடுத்தோம். வீடு கட்டியபோது அதைச் செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போல் பன்மடங்கு ஆயிற்று. இரண்டு மாதம் அம்மா பக்கத்து வீட்டில் படுத்துக்கொண்டார். அதை அவர் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

நோட்டைப் பீரோவிலிருந்து எடுத்தேன். கடைசியில் இரண்டு பத்திகளைக் கோடு போட்டுச் சேர்த்தேன். ஒன்றின் தலைப்பு, ‘நோகப்போகிறவர்’. மற்றொன்றின் தலைப்பு, ‘அவரைக் கேட்டாயிற்றா?’ இரண்டாம் பத்தியில் தேதி எழுதவேண்டும். ‘ஆம்’ என்று எழுதினால் போதாது. சென்ற ஆண்டு நம் சங்கத்து ஆண்டுவிழாவுக்கும் இதே முறையில் ஓர் ஏடு போடலாம் என்று காரியதரிசியிடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். ‘நாடகம் நடக்கும்போது மின்சாரம் போகலாம்’ என்னும் வரிக்கு நோகப்போகிறவர் யார் என்று பார்த்தபோது, மேடையில் இருக்கும் குழந்தைகளும் மாடிப்படி வழியே இறங்கவேண்டிய முதியவர்களும் என்று தெரிந்தது. அதுவரை நாங்கள் மைக்குக்கு மட்டுமே மாற்று ஏற்பாடு பேசிக்கொண்டிருந்தோம். படிக்கட்டுக்கு இரண்டு பாட்டரி விளக்குகள் வாங்கினோம். ஒரு பாட்டியைக் கேட்டதில், படிக்கட்டின் கைப்பிடி மூன்றாம் வளைவில் ஆடுகிறது என்ற செய்தியும் கிடைத்தது. தச்சரை அழைத்து அதை இறுக்கினோம். அன்று மின்சாரம் போகவில்லை. போகாததால் விளக்குச் செலவு வீண் என்று பொருளாளர் இன்னமும் முணுமுணுக்கிறார். அவர் பெயரையே அடுத்த ஆண்டு அந்த வரிக்கு எழுதலாம் என்றிருக்கிறேன்.

ஊர் வீட்டின் வரி இன்னும் மூடப்படவில்லை. விரிசலைப் பூசி அடைத்த பிறகு, அதன் குறுக்கே சிறிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டால் பதித்து, மேலே தேதி எழுதச் சொன்னார் அந்த இஞ்சினீயர். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பொறுப்பாளர் பத்தியில் அண்ணன் பெயர் இருக்கிறது. ஆனால் நாள்தோறும் விளக்கேற்றியபின் அதைப் பார்ப்பவர் அம்மா. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே, “கண்ணாடி நன்றாக இருக்கிறது” என்கிறார்.